தேவைப்படும்போது மட்டும் என்விடியா: லினக்ஸ் மடிக்கணினியில் இரண்டு வரைகலை அட்டைகள்

கேள்வி: கோத்தகிரியில் திருமண வீடியோ தொகுப்பும், கட்டடங்களுக்கான முப்பரிமாண வரைபடங்களும் செய்து தருகிறேன். இன்டெல் வரைகலையோடு என்விடியா ஜிடிஎக்ஸ் 1650 அட்டையும் உள்ள மடிக்கணினியில் லினக்ஸ் மின்ட் 22 நிறுவினேன். முதலில் பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் என்விடியா அட்டை தெரியவே இல்லை. பிறகு என்விடியாவின் இயக்கியை (டிரைவர்) நிறுவி, எல்லாவற்றையும் என்விடியாவுக்கு மாற்றிவிட்டேன். இப்போது வேலை நடக்கிறது. ஆனால் பேட்டரி முன்பு நின்ற நேரத்தில் பாதிகூட நிற்பதில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் கம்பி மேல் மரம் விழுந்தால் மின்சாரம் எப்போது வரும் என்று சொல்ல முடியாத ஊர் இது. இன்டெலுக்குத் திரும்பினால் எச்டிஎம்ஐ வழியாக வெளித்திரையில் படம் வருவதில்லை. இரண்டு அட்டைகளையும் முறையாகப் பயன்படுத்த வழி உண்டா?

பதில்: உண்டு. உங்கள் கணினியில் பழுது எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. இருக்கும் மூன்று முறைகளில் இரண்டை முயன்று பார்த்துவிட்டு, உங்கள் தொழிலுக்குப் பொருத்தமான மூன்றாவதைத் தொடாமல் விட்டிருக்கிறீர்கள். என்விடியா அமைப்புச் சாளரத்தைத் திறந்து, அதில் பிரைம் புரொஃபைல்ஸ் என்ற பகுதிக்குச் சென்றால், என்விடியா மட்டும், இன்டெல் மட்டும், ஆன்-டிமாண்ட் (தேவைப்படும்போது மட்டும் என்விடியா) என்று மூன்று தெரிவுகள் இருக்கும். ஆன்-டிமாண்டைத் தேர்ந்தெடுத்துக் கணினியை மறுதொடக்கம் செய்யுங்கள். கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினலில் பழக்கமுள்ளவர்கள் பிரைம்-செலக்ட் கட்டளையால் இதையே செய்யலாம். உங்கள் சிக்கலில் பெரும்பகுதி இதிலேயே தீர்ந்துவிடும். ஆனால் பேட்டரிக்கு இது மட்டும் போதாது.

இந்த வகை மடிக்கணினிகளில் பெரும்பாலும் திரை இன்டெல் வரைகலையோடுதான் இணைக்கப்பட்டிருக்கும். என்விடியா அட்டை படத்தைக் கணக்கிட்டு, இன்டெல் எடுத்துக்கொள்ளக்கூடிய நினைவகப் பகுதியில் அதை நகலெடுத்து வைக்கும். திரைக்கு அனுப்புவது இன்டெலின் வேலை. ஆப்டிமஸ் என்ற பெயரில் என்விடியா இந்த ஏற்பாட்டை 2010-இல் கொண்டுவந்தது. லினக்ஸில் இதற்கு நெடுநாள் முறையான ஆதரவு கிடைக்கவில்லை. 2012-இல் பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்தில் ஒருவர் தம் ஆப்டிமஸ் மடிக்கணினி படுத்தும் பாட்டைச் சொன்னபோதுதான், லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் கேமராவைப் பார்த்து என்விடியாவை வசைபாடிய அந்தப் புகழ்பெற்ற சம்பவம் நடந்தது. தன்னார்வலர்கள் உருவாக்கிய பம்பிள்பீ என்ற திட்டம் அக்காலத்தில் இடைவெளியை நிரப்பியது. 2019-இல் 435 வரிசை இயக்கியோடு, ஒரு குறிப்பிட்ட செயலியை மட்டும் தன் அட்டைக்குத் திருப்பிவிடும் வசதியை என்விடியாவே வழங்கியது.

இந்தப் பழங்கதையைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இணையத்தில் தேடினால் பம்பிள்பீ காலத்து வழிமுறைகள் இன்றும் முன்னால் வந்து நிற்கின்றன. அவற்றைப் பின்பற்றி ஈடிசி கோப்புறைக்குள், எக்ஸ்11 பகுதியில், எக்ஸ்ஆர்க் என்று தொடங்கும் அமைப்புக் கோப்பு எதையாவது கைப்பட எழுதி வைத்திருந்தால், முதலில் அதன் பெயரை மாற்றிவிடுங்கள். இன்றைய இயக்கிக்கு அது தேவையில்லை. ஆன்-டிமாண்ட் வேலை செய்யாமல் போவதற்கு அதுவே பலமுறை காரணமாக இருக்கிறது.

இனி பிளெண்டர். அட்டை முதலில் தெரியாமலும் பிறகு தெரிந்தும் இருந்ததற்கு, நீங்கள் முழுக்க என்விடியாவுக்கு மாறியதே காரணம் என்று நினைத்திருப்பீர்கள். உண்மையில் காரணம், நீங்கள் நிறுவிய இயக்கி. லினக்ஸோடு தானாகவே வரும் நூவோ இயக்கி திரையில் படம் காட்டும். பிளெண்டரில் ரெண்டர் செய்யும், அதாவது இறுதிப் படத்தைக் கணக்கிடும், சைக்கிள்ஸ் பகுதி கேட்கும் கூடா, ஆப்டிக்ஸ் என்ற என்விடியா கணக்கீட்டு வசதிகள் இரண்டையும் தராது. என்விடியாவின் சொந்த இயக்கி ஏறிவிட்டால், டெஸ்க்டாப் முழுவதும் இன்டெலில் ஓடிக்கொண்டிருந்தாலும், பிளெண்டர் கணக்கீட்டுக்காக என்விடியாவை நேரடியாக அழைத்துக்கொள்ளும். அதற்கு எந்த மாற்றமும், எந்த முன்னொட்டும் வேண்டியதில்லை. வீடியோவைச் சுருக்கி வெளியிடும்போது பயன்படும் என்வென்க் வசதிக்கும் இதே விதிதான்.

பிளெண்டரில் இரண்டு இடங்களில் சொல்ல வேண்டும். பிரிஃபரன்சஸில் சிஸ்டம் என்ற பகுதியில் ஆப்டிக்ஸைத் தேர்ந்து அட்டையின் பெயருக்கு எதிரே குறியிடுவது முதல் இடம். அந்தந்தக் கோப்பின் ரெண்டர் பண்புகளில், டிவைஸ் என்ற வரியை ஜிபியு கம்ப்யூட் என்று மாற்றுவது இரண்டாவது இடம். முதலாவதை மட்டும் செய்துவிட்டு, ரெண்டர் இன்னும் மெதுவாகவே ஓடுகிறது என்று குறைப்படுபவர்களே அதிகம். பிளெண்டரை மின்ட்டின் களஞ்சியத்திலிருந்து எடுப்பதைவிட, பிளெண்டர் தளமே வழங்கும் தொகுப்பைப் பயன்படுத்துவது நல்லது. என்விடியாவுக்கான பகுதிகள் அதில் முழுமையாக இருக்கும்.

ரெண்டருக்கு முந்தைய வேலையில், அதாவது காட்சியைச் சுழற்றிப் பார்த்து வடிவமைக்கும்போது, திரை வரைவதையும் என்விடியாவே செய்ய வேண்டும் என்றால் மட்டுமே செயலியைத் திருப்பிவிட வேண்டும். மின்ட்டின் மெனுவில் செயலியின் மீது வலப்பக்கம் சொடுக்கினால், தனி வரைகலை அட்டையில் இயக்குவதற்கான வரி ஒன்று இருக்கும். டெர்மினலில் பிரைம்-ரன் என்று முன்னால் சேர்த்தும் தொடங்கலாம். அது சில சூழல் மாறிகளை அமைத்துவிட்டுச் செயலியைத் திறக்கிறது, அவ்வளவுதான். சரிபார்க்க ஜிஎல்எக்ஸ்இன்ஃபோ கட்டளையின் விடையில் ரெண்டரர் என்ற வரியைப் பாருங்கள். வெறுமனே இயக்கினால் இன்டெல் என்று வரும். அது சரியான விடைதான், பதற வேண்டாம். பிரைம்-ரன் சேர்த்து இயக்கினால் என்விடியா என்று வர வேண்டும். எல்எல்விஎம்பைப் என்று வந்தால்தான் கவலைப்பட வேண்டும்: இரண்டு அட்டைகளுமே வேலை செய்யாமல் செயலியகமே (சிபியு) படம் வரைகிறது என்று பொருள். நிறுவும்போது சேர்த்த நோமோட்செட் என்ற சொல், கணினியைத் தொடங்கிவைக்கும் கிரப் அமைப்பில் மிஞ்சிக் கிடக்கிறதா என்று அப்போது பார்க்க வேண்டும்.

உங்கள் உண்மையான கவலை பேட்டரி. ஆன்-டிமாண்டுக்கு மாறியதுமே என்விடியா அட்டை தூங்கிவிடும் என்று பலரும் நம்புகிறார்கள். அப்படி நடப்பது கட்டாயமில்லை. வேலை இல்லாமல் விழித்திருந்தாலும் அட்டை சில வாட் மின்சாரத்தைத் தின்றுகொண்டே இருக்கும். 48 வாட்-மணி கொள்ளளவுள்ள பேட்டரி, 8 வாட் செலவில் ஆறு மணி நேரம் வரும். அட்டை விழித்திருந்து செலவு 14 வாட்டைத் தொட்டால் மூன்றரை மணி நேரம்கூட வராது. மின்வெட்டில் வேலை செய்பவருக்கு இந்த வேறுபாடு சிறியதல்ல.

அட்டையை முழுமையாக அணைக்கும் வசதிக்கு ரன்டைம் டி3 என்று பெயர். என்விடியாவின் ட்யூரிங் தலைமுறை அட்டைகளிலிருந்து இது உண்டு. உங்கள் 1650 ட்யூரிங்தான். இன்டெல் தரப்பில் செயலியகம் காஃபி லேக் அல்லது அதற்குப் பிந்தைய தலைமுறையாக இருக்க வேண்டும். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ட்யூரிங்குக்கு அடுத்து வந்த ஆம்பியர் முதலான அட்டைகளில் இயக்கி இதைத் தானே செயல்படுத்திக்கொள்கிறது; ட்யூரிங்கில் யாராவது சொன்னால்தான் செய்யும். மின்ட் போன்ற, உபுண்டு வழிவந்த அமைப்புகள் பல கணினிகளில் இதைத் தாமே சொல்லிவிடுகின்றன. உங்களுடையதில் சொல்லியிருக்கிறதா என்று அறிய, ப்ராக் கோப்புறைக்குள் டிரைவர், என்விடியா, ஜிபியுஸ் என்று வரிசையாக உள்ளே சென்று, அட்டையின் எண்ணைக் கொண்ட கோப்புறையில் பவர் என்ற கோப்பைத் திறந்து படியுங்கள். ரன்டைம் டி3 என்ற வரியில் எனேபிள்ட் என்றும், அடுத்து ஃபைன்-கிரெய்ன்ட் என்றும் இருந்தால் சரி. டிஸேபிள்ட் என்று இருந்தால், இயக்கிகளுக்கான விருப்பங்களை எழுதும் மோட்ப்ரோப் அமைப்புக் கோப்பில் என்விடியா இயக்கியின் டைனமிக் பவர் மேனேஜ்மென்ட் விருப்பத்துக்கு 2 என்ற மதிப்பைக் கொடுத்து, கணினி தொடங்கும்போது முதலில் ஏறும் இனிட்ராம்எஃப்எஸ்ஸைப் புதுப்பித்து, மறுதொடக்கம் செய்ய வேண்டும்.

அட்டை உண்மையில் தூங்குகிறதா என்று பார்ப்பதில்தான் பெரும்பாலோர் ஏமாறுகிறார்கள். என்விடியா-எஸ்எம்ஐ கட்டளையை இயக்கிப் பார்த்துவிட்டு, அட்டை எப்போதும் விழித்தே இருக்கிறது என்று எழுதுகிறார்கள். அந்தக் கட்டளைதான் அட்டையைத் தட்டி எழுப்புகிறது! சிஸ் கோப்புறையின் பிசிஐ பகுதியில் அட்டைக்குரிய இடத்தில், பவர் என்பதற்குள் உள்ள ரன்டைம் ஸ்டேட்டஸ் கோப்பைப் படித்தால் அட்டையைத் தொந்தரவு செய்யாமல் விடை கிடைக்கும். சஸ்பெண்டட் என்றால் தூக்கம், ஆக்டிவ் என்றால் விழிப்பு. விழித்தே இருந்தால், பணிப்பட்டையில் வெப்பநிலை காட்டும் ஆப்லெட் எதையாவது வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். சில நொடிகளுக்கு ஒருமுறை அதுவும் எழுப்பிக்கொண்டிருக்கும். எச்டிஎம்ஐ ஒலிக்கான பகுதியும் அதே அட்டையில்தான் இருக்கிறது என்பதால், அது விழித்திருந்தாலும் அட்டை முழுமையாக அணையாது. விசிறியின் ஓசையை வைத்து முடிவுக்கு வர வேண்டாம். கோத்தகிரிக் குளிரில் சத்தமே இல்லாத அதே கணினி, மேட்டுப்பாளையத்துக்கு இறங்கினால் இரைய ஆரம்பிக்கும்.

என்விடியாவின் இயக்கி இப்போது இரண்டு வகையாக வருகிறது. இயக்கி மேலாளரில் ஓப்பன் என்ற பின்னொட்டுடன் ஒன்று, அது இல்லாமல் ஒன்று. ட்யூரிங் மடிக்கணினியில் அட்டை தூங்க மறுத்தால், ஓப்பன் இல்லாத வகைக்கு மாறிப் பார்ப்பதே என் பரிந்துரை. சர்வர் என்ற பின்னொட்டு உள்ளவை உங்களுக்கானவை அல்ல.

இயக்கியை மாற்றும் முன், கணினியின் நிலையைச் சேமித்து வைக்கும் டைம்ஷிஃப்டில் ஒரு பதிவு எடுத்து வையுங்கள். தரவிறக்கம் சில நூறு மெகாபைட் இருக்கும். கைப்பேசி ஹாட்ஸ்பாட்டை நம்பியிருந்தால், மேகம் இறங்கி சிக்னல் தடுமாறும் நேரத்தில் தொடங்க வேண்டாம். தரவிறக்கம் அறுந்தால் மீண்டும் தொடரலாம். நிறுவும் கட்டத்தில் கணினி அணைந்துபோனால்தான் தொல்லை. செக்யூர் பூட் என்ற தொடக்கப் பாதுகாப்பு இயங்கும் கணினி என்றால், நிறுவும்போது ஒரு கடவுச்சொல் கேட்கப்படலாம். மறுதொடக்கத்தில் நீல நிறத் திரை ஒன்று சில நொடிகளே தோன்றும். அதில் என்ரோல் மோக் என்பதைத் தேர்ந்து அந்தக் கடவுச்சொல்லை இட வேண்டும். கவனிக்காமல் விட்டால் கணினி வழக்கம்போலத் தொடங்கும், இயக்கி மட்டும் ஏறாது; ஏன் என்றும் எங்கும் தெளிவாகச் சொல்லாது.

எச்டிஎம்ஐ விஷயம் எளிது. உங்கள் கணினியில் அந்தத் துளை என்விடியா அட்டையோடு இணைக்கப்பட்டிருக்கிறது. இன்டெல் மட்டும் என்ற முறையில் அட்டை அணைந்துவிடுவதால், துளையும் செயலிழக்கிறது. ஆன்-டிமாண்டில் அது வேலை செய்யும். ஆனால் வெளித்திரை செருகியிருக்கும்வரை என்விடியா தூங்காது. மின்சாரம் போனதும் அந்தக் கேபிளைக் கழற்றிவிடுங்கள்.

வீடியோ தொகுப்புக்குக் கேடென்லைவ் செயலியை ஃபிளாட்பேக் என்ற தனித்தொகுப்பு வடிவில் வைத்திருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். ஃபிளாட்பேக் செயலிகள் கணினியின் இயக்கிக் கோப்புகளைப் பயன்படுத்துவதில்லை. அதே பதிப்பெண்ணுள்ள என்விடியா தொகுப்பு ஒன்றைத் தனியாக இறக்கி வைத்துக்கொள்கின்றன. கணினியின் இயக்கியைப் புதுப்பித்துவிட்டு, ஃபிளாட்பேக் புதுப்பித்தலை டேட்டா தீர்ந்துபோனதால் தள்ளிவைத்தால், எண்கள் ஒத்துப்போகாமல் அந்தச் செயலிகளில் மட்டும் என்விடியா காணாமல் போகும். இரண்டையும் ஒரே அமர்வில் முடித்து, மறுதொடக்கம் செய்துவிடுங்கள்.

புதிய இயக்கிக்குப் பின் திரை கறுத்துப்போனால், கணினியைத் தொடங்கும்போது கிரப் பட்டியலில் மேம்பட்ட தெரிவுகளுக்குள் ரெக்கவரி முறையைத் தேர்ந்து, ரூட் ஷெல்லில் டைம்ஷிஃப்ட் பதிவை மீட்டெடுங்கள். அதற்கு இணையம் தேவையில்லை.