ஜெர்மன் சுருக்கெழுத்துச் சங்க பேட்ஜும் சான்றிதழும்: வாங்கும் முன் என்ன பார்க்க வேண்டும்?

கேள்வி: சென்னையில் முப்பது வருடம் ஸ்டெனோவாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது நூரம்பெர்கில் மகள் வீட்டில் இருக்கிறேன். இங்கே பழைய பொருள் சந்தையில் ஒருவர், சுருக்கெழுத்துச் சங்கத்தின் எனாமல் பேட்ஜ் ஒன்றும், 1911 என்று தேதி போட்ட சான்றிதழ் ஒன்றும் வைத்திருந்தார். பேட்ஜ் மட்டும் 25 யூரோ, இரண்டும் சேர்த்து 60. அடுத்த சனிக்கிழமை மறுபடி வருவாராம். எதை வாங்கலாம்?

பதில்: முடிந்தால் இரண்டையும் வாங்குங்கள் ஐயா. ஒன்றுதான் என்றால் சான்றிதழை எடுங்கள். பேட்ஜ் யார் சட்டையில் இருந்தது என்று அதைப் பார்த்துச் சொல்ல முடியாது. சான்றிதழில் ஆள் பெயர், ஊர், சங்கம், தேதி எல்லாம் இருக்கும். நிமிடத்துக்கு எத்தனை ‘ஸில்பன்’ எழுதினார் என்பதும் பெரும்பாலும் இருக்கும். ஸில்பன் என்றால் அசைகள். நம் ஊரில் நிமிடத்துக்கு 120 சொல் என்று கணக்கு. ஜெர்மானியர் அசையை எண்ணினார்கள். அதனால் 150 என்று பார்த்தால் 150 சொல் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

தேதி உண்மையா என்பதை வரலாறே காட்டிக்கொடுக்கும். கபெல்ஸ்பெர்கர் என்பவர் தன் சுருக்கெழுத்து முறையை மியூனிக்கில் 1834-இல் வெளியிட்டார். பெர்லினில் ஸ்டோல்ட்செ 1841-இல் தன்னுடையதை வெளியிட்டார். இரண்டு தரப்புக்கும் தனித்தனிச் சங்கங்கள், தனித்தனிப் போட்டிகள். ஷ்ரே என்ற இன்னொருவரின் முறையும் ஸ்டோல்ட்செ முறையும் 1897-இல் இணைந்து ‘ஸ்டோல்ட்செ-ஷ்ரே’ ஆயின. நாடு முழுமைக்கும் ஒரே சுருக்கெழுத்து என்று முடிவானது 1924-இல்தான். ஆக, 1911 சான்றிதழில் ‘ஐன்ஹைட்ஸ்குர்ட்ஸ்ஷ்ரிஃப்ட்’, அதாவது பொதுச் சுருக்கெழுத்து, என்று அச்சாகியிருந்தால் திரும்பி நடந்துவிடுங்கள். 1890 என்று தேதி போட்டு ஸ்டோல்ட்செ-ஷ்ரே பெயர் இருந்தாலும் அதே கதைதான். கபெல்ஸ்பெர்கர் பெயர் இருந்தால் 1911-க்குப் பொருந்தும்.

அப்புறம் காகிதத்தைப் பாருங்கள். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸும், நோட்டு சோதிக்கும் புற ஊதா டார்ச்சும் பையில் இருக்கட்டும். காகிதத்தை வெள்ளையாகக் காட்டும் ரசாயனத்தைச் சேர்க்கும் வழக்கம் பரவலானது இரண்டாம் உலகப் போருக்குப் பின்னால்தான். டார்ச் வெளிச்சத்தில் 1911 காகிதம் நீலமாகப் பளீரென்று ஒளிர்ந்தால் அது 1911 இல்லை. பெயர் எழுதிய இடத்தை லென்ஸில் பாருங்கள். பழைய இரும்பு மை பழுப்பேறி, இழைகளுக்குள் இறங்கி, சில இடத்தில் பின்பக்கமும் தெரியும். இன்றைய பிரிண்டர் நகலில் கையெழுத்தே வண்ணப் புள்ளிகளாகச் சிதறும். அசல் சான்றிதழில் கையால் எழுதியதை உங்கள் மகளின் ஜெர்மன் நண்பர்களே படிக்கத் திணறலாம், அது ‘குரெண்ட்’ என்ற பழைய ஜெர்மன் கையெழுத்தாக இருக்கலாம். அதற்காகச் சந்தேகப்பட வேண்டாம்.

பேட்ஜைப் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். ஊசி பற்றவைத்த இடம், உலோகத்தின் தேய்மானம், தயாரித்தவர் முத்திரை, எல்லாம் அங்கேதான். ‘கெஸ். கெஷ்.’ என்ற சுருக்கம் இருந்தால் சட்டப்படி பாதுகாக்கப்பட்டது என்று பொருள். சூளையில் சுட்ட அசல் எனாமல் கண்ணாடிதான். லென்ஸில் நுண்ணிய குமிழும் மெல்லிய கீறலும் தெரியும். ஓரத்தில் சிறு சில்லு பெயர்ந்திருந்தால் விலை குறைக்கச் சொல்லுங்கள், ஆனால் வாங்காமல் விடாதீர்கள்.

முடிந்தால் 50-க்குப் பேசுங்கள். 60-ஆகவே போனாலும், ஒரே ஆளுடைய பேட்ஜும் சான்றிதழும் என்று அவர் உறுதியாகச் சொன்னால் நான் கொடுப்பேன். இரண்டும் பிரிந்துவிட்டால் மறுபடி சேர்வதில்லை.

கேள்வி: இணையத்தில் ஒரு தனிநபரிடம் ‘அசல், 1905’ என்று போட்டிருந்த சான்றிதழை வாங்கினேன். வந்தது கலர் நகல். ‘தனியார் விற்பனை, திரும்பப் பெறுவதில்லை’ என்கிறார். விட்டுவிட வேண்டியதுதானா?

பதில்: விடாதீர்கள். ஜெர்மனியில் கடைக்காரரிடம் இணையத்தில் வாங்கினால் பொதுவாக 14 நாளுக்குள் காரணம் சொல்லாமலே திருப்பலாம். தனிநபரிடம் அந்த உரிமை இல்லை. குறைக்குப் பொறுப்பேற்க மாட்டேன் என்று அவர் எழுதிக்கொள்ளவும் முடியும். ஆனால் ‘அசல், 1905’ என்று அவரே எழுதிக்கொடுத்த தன்மைக்கு அந்த வாசகம் கவசம் ஆகாது. விளம்பரப் பக்கத்தை உடனே படம் எடுத்து வையுங்கள், அழித்துவிடக்கூடும். பிறகு எழுத்தில், நாள் குறித்து, பணத்தைக் கேளுங்கள். மறுத்தால் உள்ளூர் நுகர்வோர் ஆலோசனை மையத்துக்குப் போங்கள்.

கேள்வி: ஸ்வஸ்திகா பொறித்த 1930-களின் சுருக்கெழுத்து பேட்ஜ் ஒன்று கிடைத்தது. வைத்திருக்கலாமா?

பதில்: வீட்டில் வைத்திருப்பது குற்றமில்லை. பொது இடத்தில் காட்டுவதும், படத்தை ஃபேஸ்புக்கில் போடுவதும் ஜெர்மனியில் சட்டச் சிக்கல். ஆராய்ச்சிக்கும் கல்விக்கும் விலக்கு உண்டு, ஆனால் ‘என் சேகரிப்பைப் பாருங்கள்’ என்பதை அதில் சேர்த்துவிடாதீர்கள். சின்னத்தை அரத்தால் தேய்த்து அழிக்கவும் வேண்டாம். 1933-க்குப் பின் சங்கங்களை ஒரே அமைப்புக்குள் அடைத்து, யூதர்களை வெளியே தள்ளிய காலத்தின் சாட்சி அது. தனி உறையில், என்ன என்று ஒரு சீட்டு எழுதி வையுங்கள்.

கேள்வி: சான்றிதழை லாமினேட் செய்து மாட்டலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். லாமினேட் செய்ததைக் கிழிக்காமல் பிரிக்க முடியாது. ஜன்னலுக்கு எதிர்ச் சுவரும் வேண்டாம். நான் அப்படி மாட்டிய ஒன்றில் அச்சிட்ட எழுத்து அப்படியே நிற்கிறது. கையால் எழுதிய பெயர் மட்டும் இரண்டு கோடைக்குள் வெளிறிவிட்டது. இப்போது அந்தப் பெயரை வாங்கிய நாளில் எடுத்த புகைப்படத்தில்தான் படிக்கிறேன். அமிலம் இல்லாத அட்டையில் செருகி, இருட்டான அலமாரியில் படுக்கை வாக்கில் வையுங்கள். மாட்டுவதற்கு நல்ல ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.