எனாக்சசின்: டைசருக்கு ஊக்கியா?

கேள்வி: செல்லில் எனாக்சசின் என்ற பாக்டீரியாக்கொல்லி மருந்தைச் சேர்த்ததும் மைக்ரோ ஆர்என்ஏ (மரபணுக்களின் வேலையை அடக்கும் குட்டி ஆர்என்ஏ) கூடியது. முன்னோடி ஆர்என்ஏ-வை வெட்டி அதை உருவாக்கும் டைசர் நொதியை மருந்து தூண்டிவிட்டது என்று எழுதலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். 2008-இல் வெளியான ஆய்வின்படி, இந்த ஃபுளோரோகுயினலோன் வகை மருந்து டைசரின் கூட்டாளியான டிஆர்பிபி புரதத்தின் வழியாகவே வேலை செய்கிறது. டிஆர்பிபி-யை அடக்கிய செல்லிலும் அதே உயர்வு தெரிந்தால் காரணம் வேறு.

முன்னோடி ஆர்என்ஏ-க்களையும் அளந்தீர்களா? முதிர்ந்தது கூடி, கொண்டை ஊசி வடிவ முன்னோடி குறைந்தால்தான் வெட்டு வேகம் கூடியதாக அர்த்தம். எல்லாமே சேர்ந்து ஏறினால், டிஎன்ஏ-விலிருந்து ஆர்என்ஏ உருவாகும் படியெடுப்பே கூடியிருக்கலாம்.

எனாக்சசினின் 10 மில்லிமோலார் இருப்புக் கரைசலுக்கு மில்லிலிட்டருக்கு 3.2 மில்லிகிராம். நடுநிலை நீரில் சரியாகக் கரையாது. நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடில் கரையும். செல் வளர்ப்பு ஊடகத்தில் 50 மைக்ரோமோலாருக்கு, மில்லிலிட்டருக்கு இந்தக் கரைசலில் 5 மைக்ரோலிட்டர் போதும். மருந்து சேர்க்காத கட்டுப்பாட்டுக் குழிக்கும் அதே காரத்தை அதே அளவு விடுங்கள். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். மருந்து வெளிச்சத்தில் சிதையும், குப்பியை அலுமினியத் தாளில் சுற்றுங்கள். சோதனைக்குழாய் வினையில் இன்னொரு வம்பு: எனாக்சசின் மெக்னீசியத்தைப் பற்றிக்கொள்ளும், டைசருக்கோ அது இல்லாமல் வெட்டே நடக்காது.