லாக்ல குவியற எம்எஸ்ஆர் வார்னிங்: கேளுங்க, சொல்றேன்

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் பக்கத்துல லினக்ஸ் வெச்சிருக்கறவங்க பத்து நாளா இதையே கேக்கறீங்க, அதனால எல்லாத்துக்கும் சேத்தி இங்கயே எழுதிடறேன். எம்எஸ்ஆர்ங்கறது சிபியூவுக்குள்ளயே இருக்கற ரிஜிஸ்டர் (செட்டிங் எழுதி வெக்கற சின்ன இடம்), வோல்டேஜ், பவர் லிமிட், சூடு எவ்வளவு வரைக்கும் போலாம் எல்லாம் அதுல இருக்கு. ரூட் பர்மிஷன் (சிஸ்டத்துல முழு அதிகாரம்) இருக்கற புரோகிராம் அதுல நேரா எழுதலாம். 2020 அக்டோபர்ல வந்த 5.9 கெர்னல்ல (கெர்னல்னா லினக்ஸோட மையப் பகுதி) இருந்து அப்படி எவனாச்சும் எழுதுனா "தெரியாத எம்எஸ்ஆர்ல இன்ன புரோகிராம் எழுதுச்சு"ன்னு லாக்ல வார்னிங் விழும்.

வேலந்தாவளத்துல இருந்து ஒரு தம்பி: அக்கா, நம்மூரு வெயில்ல லேப்டாப் கொதிக்குதுன்னு அண்டர்வோல்ட் பண்ற (சிபியூ வோல்டேஜ குறைக்கற) டூல் போட்டேன், சூடு குறைஞ்சிருச்சு, ஆனா டிமெசேஜ் (கெர்னல் லாக காட்டற கமாண்ட்) போட்டுப் பாத்தா பூரா ஹெக்ஸ் 150னு வார்னிங். எப்படி நிறுத்தறது?

தம்பி, 150ங்கறது இன்டெல்ல வோல்டேஜ் மாத்தற ரிஜிஸ்டர், உன் டூல் தான் எழுதுது, பயப்பட ஒண்ணுமில்ல. நிறுத்தறதுக்கு எம்எஸ்ஆர் மாட்யூல்ல (கெர்னலோட ஒரு துண்டு) அலவ் ரைட்ஸ்னு ஒரு செட்டிங் இருக்கு (இங்கிலீஷ்ல அடிக்கறப்ப நடுவுல அண்டர்ஸ்கோர்). அத ஆன்னு வெச்சா எழுத விட்டுட்டு வாய மூடிக்கும், ஆஃப்னு வெச்சா எழுதவே விடாது, டீஃபால்ட்னா எழுதவும் விட்டு சத்தமும் போடும். மாட்யூல லோட் பண்ற மோட்புரோப்போட கான்ஃபிக் ஃபைல்ல போடலாம், மாட்யூல் கெர்னலோட சேந்தே இருந்துச்சுன்னா பூட் பண்ற கிரப்ல கெர்னல் லைன்ல எம்எஸ்ஆர் புள்ளி வெச்சு அதையே போடணும். ஓடிட்டு இருக்கறப்பவே ரூட்டா சிஸ் ஃபோல்டர்ல மாத்தியும் பாத்துக்கலாம்.

ஆனா எடுத்த எடுப்புல ஆன் போடாத தம்பி, அப்புறம் வேற எவன் எழுதுனாலும் லாக்ல தெரியாது, கீழ மத்தவங்களுக்கு சொன்னதையும் படிச்சுட்டு போடு.

சித்தூர்ல இருந்து: முன்ன மழை மாதிரி கொட்டுச்சு, இப்ப புது கெர்னல்ல கொஞ்சமா தான் வருது. டூல் எழுதறத குறைச்சிருச்சா?

இல்லைங்க, டூல் எப்பவும் போல தான் எழுதுது, கெர்னல் தான் சொல்றத குறைச்சிருக்கு. 5.9ல கெர்னலோட பொதுவான லிமிட் தான் இருந்துச்சு, 5 வினாடிக்கு 10 மெசேஜ் வரைக்கும் விடும், எட்டு த்ரெட் இருக்கற சிபியூல ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா எழுதுனா லாக் என்ன கதி ஆகும்னு பாத்துக்கோங்க. அப்புறம் வந்த கெர்னல்ல 30 வினாடிக்கு ஒண்ணு தான்னு வெச்சுட்டாங்க. அப்பவும் நாள் பூரா ஓடுனா 2880 வார்னிங், ஒவ்வொண்ணும் ரெண்டு வரி.

இதுல முக்கியமானது ஒண்ணு இருக்குங்க, நிறைய பேரு கவனிக்கறதில்ல. அந்த 30 வினாடி கணக்கு புரோகிராமுக்கு ஒண்ணு, ரிஜிஸ்டருக்கு ஒண்ணுன்னு தனித்தனியா இல்ல, மொத்த சிஸ்டத்துக்கும் ஒரே கணக்கு. உங்க அண்டர்வோல்ட் டூல் முந்திக்கிட்டா அந்த 30 வினாடிக்குள்ள வேற எவன் எழுதுனாலும் லாக்ல பேரே வராது. அதனால தான் தெரிஞ்ச சத்தத்த முதல்ல சரி பண்ணுங்கன்னு சொல்லிட்டே இருக்கேன்.

கோபாலபுரத்துல கடை வெச்சிருக்கறவர்: நான் எந்த டூலும் போடலைங்க. பில்லிங் சிஸ்டம். ஹெக்ஸ் 1ஏ4னு வருது, ராத்திரியும் ஃபேன் சத்தம் அடங்கறதில்ல.

இத இன்னைக்கே பாருங்கண்ணா, தள்ளிப் போடாதீங்க. 1ஏ4 இன்டெல்ல ப்ரீஃபெட்ச்சர (டேட்டாவ முன்கூட்டியே எடுத்து வெக்கற பகுதி) கண்ட்ரோல் பண்ற ரிஜிஸ்டர். பில்லிங் சாஃப்ட்வேருக்கு அங்க ஒரு வேலையும் இல்ல. மொனேரோங்கற கிரிப்டோ காச மைனிங் பண்ற புரோகிராமுங்க வேகத்துக்காக அத ஆஃப் பண்ணும். போன வருஷம் இதே மாதிரி ஒரு சிஸ்டம் என்கிட்ட வந்துச்சு, கடைக்காரருக்கு விஷயமே தெரியாது, வெளிய இருந்து எவனோ பாஸ்வேர்ட் ஊகிச்சு உள்ள பூந்து மைனர் போட்டுட்டு போயிருந்தான். லாக்ல இருந்த அந்த ஒரு வரிய வெச்சு தான் கண்டுபுடிச்சேன்.

வார்னிங்ல புரோகிராம் பேரும் பிஐடி நம்பரும் (ஓடற புரோகிராமோட அடையாள நம்பர்) இருக்கும். பேரு 15 எழுத்துக்கு மேல போனா வெட்டிரும், பைத்தான்ல ஓடுனா வெறும் பைத்தான்னு தான் காட்டும், அதனால பேர நம்பாம சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் கூட அந்த பிஐடிய குடுத்துப் பாருங்க, எந்த சர்வீஸ்னு சொல்லிரும். இன்னொண்ணு, அலவ் ரைட்ஸ் ஏற்கனவே ஆன்ல இருக்கான்னும் பாருங்க. நீங்க வெக்காம ஆன்ல இருந்தா சந்தேகம் தான், எக்ஸ்எம்ரிக்னு ஒரு மைனர் கூட வர்ற ஸ்கிரிப்ட்டே அத ஆன் பண்ணிட்டு தான் எழுதும். மைனர் தான்னு உறுதியாச்சுன்னா நெட் கேபிள புடுங்கிட்டு, பில் டேட்டாவ மட்டும் காப்பி எடுத்துட்டு, மொத்தமா புதுசா இன்ஸ்டால் பண்ணிருங்க.

மீனாட்சிபுரத்துல இருந்து ஒரு டீச்சர்: பவர் லிமிட் குறைக்க ஸ்கிரிப்ட் வெச்சிருக்கேன், ஹெக்ஸ் 610ல எழுதுது. வார்னிங் இல்லாம பண்ண வழி இருக்கா?

இருக்கு டீச்சர், இது தான் சரியான கேள்வி. பவர் லிமிட்டுக்கு கெர்னலே பவர்கேப்னு தனி வழி குடுத்திருக்கு, சிஸ் கிளாஸ் ஃபோல்டர்ல இன்டெல் ராப்ல்னு இருக்கும், லிமிட்ட மைக்ரோவாட் கணக்குல எழுதணும், 15 வாட்னா 15000000. எனர்ஜி பெர்ஃப் பயஸுக்கும் (வேகம் முக்கியமா, கரண்ட் மிச்சம் முக்கியமான்னு சிபியூவுக்கு சொல்ற செட்டிங்) ஒவ்வொரு சிபியூ ஃபோல்டருக்குள்ளயும் ஃபைல் இருக்கு. அந்த வழியா எழுதுனா வார்னிங்கே வராது. வோல்டேஜுக்கு மட்டும் இப்படி வழி கிடையாது, அதனால வேலந்தாவளம் தம்பிக்கு ஆன் போடறத தவிர வேற வழியில்ல, டூல நிறுத்தி வெச்சு லாக்ல வேற யாரும் இல்லைன்னு ரெண்டு நாள் பாத்துட்டு போட்டுக்கட்டும்.

வடகரப்பதியில இருந்து: ரூட்ல ஓட்டுனாலும் பர்மிஷன் இல்லைங்குதே சேச்சி?

செக்யூர் பூட் (கையெழுத்து இருக்கற சாஃப்ட்வேர மட்டும் பூட் ஆக விடற செட்டிங்) ஆன்ல இருக்கும். அப்ப நிறைய லினக்ஸ்ல கெர்னல் லாக்டவுன்ல போயிரும், ரூட்டே ஆனாலும் எம்எஸ்ஆர்ல எழுத விடாது. பர்மிஷன் எரர் இல்லாம வெறுமனே வோல்டேஜ் மாறலைன்னா அது வேற கதை, 2019 டிசம்பர்ல ப்ளண்டர்வோல்ட்னு ஒரு ஓட்டை வெளிய வந்ததுக்கப்புறம் நிறைய மாடல்ல பயாஸ் அப்டேட்லயே வோல்டேஜ பூட்டிட்டாங்க.

கொழிஞ்சாம்பாறையில இருந்து: ராஸ்பெரி பைல வருமா?

வராது. எக்ஸ்86 சிபியூல மட்டும் தான்.

அவரே: ஆன் போட்டும் கெர்னல் டெயின்ட் (கறை பட்ட குறி) ஆயிருக்குன்னு காட்டுதே?

காட்டும். ஆன் போட்டா மெசேஜ் மட்டும் தான் நிக்கும், எழுதுன உடனே எஸ்ங்கற டெயின்ட் குறி விழுந்துரும், டெயின்ட் ஃபைல்ல மதிப்பு 4. ரீபூட் பண்ற வரைக்கும் போகாது. கெர்னல் பக்குன்னு எங்கயாச்சும் ரிப்போர்ட் பண்றதா இருந்தா அண்டர்வோல்ட் டூல நிறுத்திட்டு, ரீபூட் பண்ணி, அதே பிரச்சனை திரும்ப வருதான்னு பாத்துட்டு அனுப்புங்க.