ஆங்கிலத்தில் திசைப் பெயர்களை எப்போது பெரிய எழுத்தில் தொடங்க வேண்டும்?

நீங்கள் எழுதிய அறிக்கையை அலுவலகத்தில் யாரோ சிவப்பு மையால் சுழித்துத் திருப்பிக் கொடுத்திருப்பார் என்று நினைக்கிறேன். இல்லையென்றால் இந்தக் கேள்வி எழுந்திருக்காது. நிலப் பத்திரங்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்ப்பதே என் பிழைப்பு என்பதால், நார்த், சவுத், ஈஸ்ட், வெஸ்ட் ஆகிய நான்கையும் எழுதாமல் எனக்குப் பொழுது போவதில்லை.

எந்தப் பக்கம் என்று மட்டும் காட்டினால் சிறிய எழுத்து. ஓர் இடத்தின் பெயராகவோ அந்தப் பெயரின் பகுதியாகவோ நின்றால் பெரிய எழுத்து. சூரியன் உதிக்கும் ஈஸ்டுக்குச் சிறிய எழுத்தே போதும். சவுத் கொரியா, வெஸ்ட் பெங்கால், சதர்ன் ரயில்வே, தியாகராய நகரின் நார்த் உஸ்மான் ரோடு ஆகியவற்றுக்குப் பெரிய எழுத்து கட்டாயம். சவுத் ஆப்பிரிக்கா ஒரு நாடு. ஆனால் நமீபியா, போட்ஸ்வானா, ஜிம்பாப்வே எல்லாம் அடங்கிய வட்டாரத்தைக் குறிக்கும்போது, சதர்ன் ஆப்பிரிக்கா என்பதில் சதர்னைப் பல ஏடுகள் சிறிய எழுத்தில்தான் அச்சிடுகின்றன. ஈஸ்ட் ஜெர்மனி தனி நாடாக இருந்தவரை அதற்குப் பெரிய எழுத்து. 1990 அக்டோபர் 3 அன்று இரு ஜெர்மனிகளும் இணைந்த பிறகு அதே மண் நாட்டின் ஒரு பகுதியாகிவிட்டதால், ஈஸ்டர்ன் ஜெர்மனி என்று எழுதும்போது திசைக்குப் பொதுவாகச் சிறிய எழுத்துதான்.

கடந்த ஆண்டு வங்கிக் கடனுக்காக ஒரு கிரயப் பத்திரத்தை மொழிபெயர்த்தேன். சொத்து விவரத்தில் 'நார்த் பை' (வடக்கெல்லை) என்று வண்டிப்பாதையும், 'சவுத் பை' (தெற்கெல்லை) என்று அடுத்தவர் நஞ்சையுமாக நான்கெல்லை வரிசையாக வந்தது. அவை தனித்தனி வரிகளின் முதற்சொற்கள் என்பதால் பெரிய எழுத்தில் தொடங்கினேன். அதற்குக் கீழே, கிணற்றிலிருந்து தெற்கே ஓடிக் கிழக்கே திரும்பும் வாய்க்காலில் தண்ணீர் பாய்ச்சிக்கொள்ளும் பாத்தியதையைப் பற்றிய வாக்கியத்தில் இரண்டு திசைகளையும் சிறிய எழுத்தில் எழுதினேன். ஆவணத்தைச் சரிபார்த்த வழக்கறிஞர் அந்த இரண்டையும் சுழித்து, "ஒரே பத்திரத்தில் ரெண்டு விதமா எழுதினா எப்படி சார்?" என்று கேட்டார். சட்ட ஆங்கிலத்தில் வாக்கியத்தின் நடுவே பெரிய எழுத்தில் வரும் சொல்லைக் கண்டால், அதற்கு முன்பே எங்கோ வரையறை தந்திருக்கிறார்கள் என்று படிப்பவர் தேடத் தொடங்குவார் என்றும், வாய்க்கால் ஓடும் திசைக்கு அப்படி ஒரு வரையறை தேவையில்லை என்றும் விளக்கினேன். அவர் ஏற்கவில்லை; நானும் மாற்றவில்லை. வங்கி அதை அப்படியே வாங்கிக்கொண்டது. 'பாதைக்கு வடக்கு' என்று மூலத்தில் இருந்தால் பாதை நம் நிலத்துக்குத் தெற்கே இருக்கிறது என்று பொருள். அதை நான் சரியான பக்கத்தில் எழுதியிருக்கிறேனா என்பதுதான் அவர் பார்த்திருக்க வேண்டியது. அதை அவர் ஏறிட்டும் பார்க்கவில்லை என்பது இன்றும் என் மனத்தாங்கல்.

பழைய பத்திரங்களில் எல்லாத் திசைகளும் பெரிய எழுத்தில்தானே இருக்கின்றன என்று யாராவது எழுதுவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்: பல பத்திரங்களில் அப்படித்தான் இருக்கும், அந்த வழக்கத்தை நான் பிழை என்று சொல்லவில்லை. அமெரிக்கர்கள் தங்கள் நாட்டின் சவுத்தைப் பெரிய எழுத்தில் எழுதுவதும் என் விதிக்கு மாறானதன்று. 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரில் நார்த்தும் சவுத்தும் இரு தரப்புகளின் பெயர்களாக வழங்கின. இன்றும் அவை வட்டாரப் பெயர்கள். அமெரிக்கச் செய்தி நிறுவனமான அசோசியேட்டட் பிரஸ்ஸின் நடைக் கையேடு சதர்ன் கலிபோர்னியாவுக்குப் பெரிய எழுத்தும் நார்தர்ன் பிரான்ஸுக்குச் சிறிய எழுத்தும் தருவதற்கும் இதுவே காரணம்: முன்னது ஊரறிந்த பெயர், பின்னது பிரான்ஸின் வடபகுதி என்ற விவரம் மட்டுமே.

முடிவு சொல்லக் கடினமான இடங்களும் உண்டு. தென்மேற்குப் பருவமழையை இந்திய வானிலை ஆய்வுத் துறை தன் அறிக்கைகளில் பெரிய எழுத்தில் எழுதுகிறது. நாளேடுகளில் பெரும்பாலும் சிறிய எழுத்தில் பார்க்கிறோம். உங்கள் அலுவலகம் எதைப் பின்பற்றுகிறதோ அதையே எழுதுங்கள். அட்சரேகைக்குப் பின் வரும் 'என்', 'எஸ்' போன்ற ஒற்றை எழுத்துகள் எப்போதும் பெரியவை. பிரிட்டிஷ் வழக்கில் சவுத், ஈஸ்ட் இரண்டுக்கும் நடுவே சிறு கோடு போட்டு சவுத்-ஈஸ்ட் ஏஷியா என்று எழுதினால் ஈஸ்டுக்கும் பொதுவாகப் பெரிய எழுத்து தருவார்கள். தென்கிழக்கு ஆசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியான் தன் முழுப்பெயரில் எழுதுவதுபோல் ஒரே சொல்லாகச் சேர்த்தால் முதல் எழுத்து மட்டும் பெரியதாக இருந்தால் போதும்.