மூடிய அலமாரிக்குள் இருக்கும் செட்டாப் பாக்ஸையும் ஆம்ப்ளிஃபயரையும் ரிமோட்டால் இயக்க முடியுமா?

முடியும். எங்கள் வீட்டில் இரண்டு வருடமாக அப்படித்தான் ஓடுகிறது. டிவி சுவரில், மற்றதெல்லாம் கீழே ப்ளைவுட் கதவுக்குள்.

நீங்கள் கேட்டதில் இரண்டு விஷயம் கலந்திருக்கிறது. கதவு மூடியிருக்கும்போதே ரிமோட் வேலை செய்ய வேண்டும் என்பது ஒன்று. ஒரு பட்டனைத் தட்டினால் டிவி, பாக்ஸ், ஆம்ப் மூன்றும் தானாகத் தயாராக வேண்டும் என்பது இன்னொன்று. முதலாவது எனக்கு ஆயிரம் ரூபாய்க்குள், ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடிந்தது. இரண்டாவது ஆறு மாதம் இழுத்தது.

முதலில் ஒரு கணக்கெடுப்பு செய்துவிடுங்கள்: உங்களிடம் இருப்பதில் எதற்கெல்லாம் உண்மையிலேயே ஐஆர், அதாவது ரிமோட் விடும் அகச்சிவப்பு ஒளி, தேவை? ஃபயர் ஸ்டிக்கின் ரிமோட் ஸ்டிக்கோடு ப்ளூடூத்தில் பேசுகிறது, அதற்குக் கதவு ஒரு பொருட்டே இல்லை. ஆம்ப்ளிஃபயர் ஹெச்டிஎம்ஐ வழியாக டிவியோடு இணைந்திருந்தால் சிஇசி என்ற வசதியைப் பாருங்கள். சாம்சங்கில் அதன் பெயர் அனிநெட் ப்ளஸ், எல்ஜியில் சிம்ப்லிங்க், சோனியில் பிராவியா சிங்க். அதை ஆன் செய்தால் டிவி ரிமோட்டிலேயே ஆம்பின் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கலாம். எங்கள் வீட்டில் இப்படிக் கழித்துப் பார்த்தபோது, தினமும் ஐஆர் தேவைப்பட்டது செட்டாப் பாக்ஸுக்கு மட்டும்தான். ஆம்புக்கு எப்போதாவது.

சரி, அந்த மிச்சத்துக்கு ஐஆர் ரிப்பீட்டர். ரிமோட் முனையில் இருக்கும் எல்இடி சுமார் 940 நானோமீட்டர் ஒளியை விடுகிறது. நம் கண்ணுக்குத் தெரியாது, மொபைலின் செல்ஃபி கேமரா வழியாகப் பார்த்தால் பெரும்பாலும் தெரியும். அந்த ஒளி, பெரும்பாலான ரிமோட்டுகளில், நொடிக்கு 38,000 முறை துடிக்கிறது. வெயில், பல்பு வெளிச்சத்திலிருந்து பெட்டி அதைப் பிரித்தறிவது இந்தத் துடிப்பால்தான். ஒவ்வொரு பட்டனுக்கும் ரிமோட் அனுப்பும் குறியீட்டைத்தான் கோடு (code) என்கிறேன், ரிப்பீட்டருக்கு அது எதுவும் புரியாது. வெளியே ஒட்டிய குட்டிக் கண் பார்த்ததை, உள்ளே ஒட்டிய எமிட்டர் என்ற குட்டி எல்இடி அப்படியே மறுபடி மின்னும். அதனால் எந்தக் கம்பெனி ஐஆர் ரிமோட்டானாலும் பெரும்பாலும் ஒத்துப்போகும்.

இதில் நான் பண்ணிய கூத்துகளைச் சொல்கிறேன், உங்களுக்கு மிச்சமாகும்.

கண்ணை டிவியின் அடிவிளிம்பில் ஒட்டினேன். யாரும் ரிமோட்டைத் தொடாமலே ரிப்பீட்டரின் நீல விளக்கு படபடவென்று அடித்துக்கொண்டே இருந்தது. டிவி திரையின் பின்விளக்கு போடும் இரைச்சல் அது. கண்ணை ஒரு சாண் கீழே, கதவு இடுக்குக்கு இறக்கியதும் அடங்கியது. அப்புறம், ரிப்பீட்டருக்கான 5 வோல்ட்டை டிவியின் யூஎஸ்பி துளையிலிருந்தே எடுத்திருந்தேன். டிவியை அணைத்தால் கண்ணும் செத்துவிடும், அதற்குப் பிறகு பாக்ஸை அணைக்க வழியில்லை. ஒரு பழைய மொபைல் சார்ஜர் அதைத் தீர்த்தது. எமிட்டரை ஒட்டும் முன் பெட்டியின் முகப்பில் டார்ச் அடித்துப் பாருங்கள். கருப்பு பிளாஸ்டிக்குக்குப் பின்னால் சின்னக் குமிழாக ரிசீவர் தெரியும், அதற்கு நேர் எதிரே ஒட்ட வேண்டும். நான் குத்துமதிப்பாக ஒட்டி, ஒரு விரற்கடை தள்ளிப்போனதில் பாதி அழுத்தல்கள் வீணாயின.

எங்கள் ஆசாரி ஆரம்பத்திலேயே, “கருப்பு டின்ட் கண்ணாடிக் கதவு போட்டுரலாம் சார், ரிமோட் அதுலயே போயிரும்” என்றார். பார்க்க நன்றாக இருக்காது என்று நான்தான் மறுத்தேன். அவர் சொன்னது சரி, டின்ட் கண்ணாடி வழியாக இந்த ஒளி பெரும்பாலும் போய்விடும். கண்ணாடிக் கடையிலிருந்து ஒரு துண்டை வாங்கி வந்து, பெட்டிக்கு முன்னால் பிடித்துச் சோதித்துப் பார்த்துவிட்டு ஆர்டர் கொடுங்கள். முகம் பார்க்கிற மாதிரி பளபளக்கும் ரகம் வேண்டாம்.

இனி ஆட்டோமேஷன். சென்னை ரிச்சி தெருவில் நோட்எம்சியு என்ற வைஃபை உள்ள குட்டி கன்ட்ரோலர் போர்டு ஒன்று, ரிமோட் கோடுகளைப் படிக்க டிஎஸ்ஓபி 1738 என்ற ஐஆர் ரிசீவர், ஐஆர் எல்இடி, அதை ஓட்ட ஒரு டிரான்சிஸ்டர் வாங்கினேன். டிரான்சிஸ்டர் இல்லாமல் போர்டின் காலிலேயே எல்இடியை மாட்டினால் வெளிச்சம் போதாது. போர்டை அலமாரிக்குள்ளேயே வைத்தேன், வைஃபை ப்ளைவுட்டைத் தாண்டி வந்துவிடும். வீட்டுச் சாதனங்களை இணைத்து இயக்கும் ஹோம் அசிஸ்டன்ட் என்ற மென்பொருளில் “டிவி பார்க்கலாம்” என்று ஒரு பட்டன். சாலிடரிங் பழக்கம் இல்லாதவர்கள் ரெடிமேடாக விற்கும் வைஃபை ஐஆர் பிளாஸ்டரை (வைஃபையில் வரும் கட்டளையை ரிமோட் ஒளியாக விடும் குட்டிப் பெட்டி) வாங்கி உள்ளே வைத்தால் போதும்.

முதல் வாரம் பெருமையாக இருந்தது. ஒரு நாள் சாயங்காலம் சித்தப்பா குடும்பம் வந்திருந்தபோது காட்டலாம் என்று பட்டனைத் தட்டினேன். டிவி வந்தது, ஆம்ப் வந்தது, திரையில் ‘சிக்னல் இல்லை’. மத்தியானம் அப்பா பாக்ஸை ஆன் செய்து பார்த்துவிட்டு டிவியை மட்டும் அணைத்துவிட்டுப் போயிருந்தார். ஓடிக்கொண்டிருந்த பாக்ஸை என் பட்டன் அணைத்துவிட்டது. மறுபடி தட்டினால் பாக்ஸ் வந்தது, டிவி போனது. “முன்னாடியே நல்லாத்தானேடா இருந்துச்சு” என்றார் அப்பா.

ஐஆர் ஒருவழிப் பாதை. சொன்னது காதில் விழுந்ததா, பெட்டி இப்போது விழித்திருக்கிறதா தூங்குகிறதா என்று எதுவும் திரும்பி வராது. ரிமோட்டில் இருக்கும் பவர் பட்டனோ “இருக்கிற நிலையை மாற்று” என்று மட்டும்தான் சொல்கிறது. நாம் கண்ணால் பார்த்து அழுத்துகிறோம், அதனால் உறைப்பதில்லை.

ஆம்ப் விஷயத்தில் தப்பித்தேன். ரிமோட்டில் ஒரே பட்டன் இருந்தாலும், என் ஆம்ப் மாதிரியான பல ஏவி ரிசீவர்களுக்கு ஆன் செய்யத் தனிக் கோடு, ஆஃப் செய்யத் தனிக் கோடு உண்டு. ஏற்கெனவே ஆனில் இருக்கும்போது ஆன் கோடு போனால் ஒன்றும் ஆகாது. டிவி வைஃபையில் இருப்பதால் அதன் நிலையை ஹோம் அசிஸ்டன்ட்டே கேட்டுத் தெரிந்துகொள்கிறது. செட்டாப் பாக்ஸ்தான் படுத்தியது. மின்சாரம் அளக்கும் ஸ்மார்ட் பிளக்கில் மாட்டி, இழுக்கும் வாட்டை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்று பார்த்தேன். ஓடும்போது 9 வாட், ஸ்டாண்ட்பையில் 8 வாட்! இதை வைத்து எதைப் பிரிப்பது?

கடைசியில் பாக்ஸுக்குப் பவர் கோடு அனுப்புவதையே விட்டுவிட்டேன். அது எப்போதும் ஆன். நாள் முழுக்க ஓடினாலும் மாதத்துக்கு ஆறரை யூனிட். ஸ்டாண்ட்பையில் வைத்திருந்தால் மிச்சமாவது ஒரு யூனிட்கூட இல்லை.

இன்னொன்று, மச்சான் வீட்டு சோனி டிவியில் படித்தது: கோடு சரியாக இருந்தும் டிவி அசையவில்லை. சோனி முறையில் ஒரே கோடு குறைந்தது 3 முறை தொடர்ந்து போக வேண்டும். அசல் ரிமோட் அதைத் தானாகச் செய்கிறது, என் போர்டு ஒரு தடவை மட்டும் அனுப்பிக்கொண்டிருந்தது.

ஆசாரி இன்னும் வேலையை ஆரம்பிக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். டிவிக்கும் அலமாரிக்கும் நடுவே சுவருக்குள் 40 மி.மீ. பைப் போடச் சொல்லுங்கள். எலக்ட்ரீஷியன் வழக்கமாகப் போடும் 20 மி.மீ. பைப்புக்குள் ஹெச்டிஎம்ஐ தலை நுழையாது, எங்கள் சுவரை இரண்டாவது முறை கொத்தினோம். ஆம்ப் இருக்கும் தட்டுக்குப் பின்னால் காற்றுப் போகப் பெரிய ஓட்டை வேண்டும். மூடிய கதவுக்குள் ஆம்ப் நன்றாகவே கொதிக்கும். நான் ஒரு 120 மி.மீ. கம்ப்யூட்டர் ஃபேன் வைத்து, ஆம்பின் பிளக்கில் 30 வாட்டுக்கு மேல் போனால் சுற்றும்படி செய்திருக்கிறேன்.

ரிப்பீட்டரை இன்னும் கழற்றவில்லை. வைஃபை படுத்தாலும் அது வேலை செய்யும். அப்பா இன்றுவரை பழைய ரிமோட்டைத்தான் எடுக்கிறார். உங்கள் பெட்டிகளின் மாடல் எண்களைக் கருத்துப் பகுதியில் போடுங்கள், எதற்குத் தனி ஆன் கோடு இருக்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.