நிழல் விழுகிறதா, இல்லையா?

கே: ஓய்வு நேரத்தில் தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதுகிறேன் சார். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று ஒருவர் சேர்க்கிறார், நான் நீக்குகிறேன், மறுபடி சேர்க்கிறார். நேற்று மட்டும் நாலு தடவை. என்ன செய்ய?
- வாசகர், திருவையாறு

ப: முதலில் கையை எடுங்கள். ஆங்கில விக்கிப்பீடியாவில் ஒரே பக்கத்தில் 24 மணி நேரத்துக்குள் மூன்று தடவைக்கு மேல் இப்படி மாற்றினால் தடையே போடுவார்கள், நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் சரி. 216 அடி விமானம், சாயங்காலம் அதன் நிழல் பிராகாரத்தில் நீண்டு கிடப்பதை நானே பார்த்திருக்கிறேன் (சுடுகல்லில் வெறுங்காலோடு நடந்தவனுக்குத்தான் அதன் அருமை தெரியும்!), ஆனால் நாம் கண்ணால் கண்டது அங்கே சான்று ஆகாது, அச்சில் வந்த நல்ல நூல் வேண்டும். அதோடு கட்டுரையின் உரையாடல் பக்கத்துக்குப் போங்கள். 'நிழல் விழாது என்றொரு நம்பிக்கை உண்டு, அது சரியல்ல' என்று ஒரு வரி போடலாமா என அவரிடமே கேளுங்கள். பலரும் இதற்கே இறங்கி வந்துவிடுவார்கள். வரவில்லையா, ஆலமரத்தடியில் வையுங்கள். பொதுப் பேச்சுக்கான பக்கத்துக்கு அங்கே அதுதான் பெயர், நம்மூர்ப் பஞ்சாயத்து மாதிரியேதான், ஆனால் ஆள் பலம் எடுபடாது. அப்புறம், அவரைத் 'தம்பி' என்று கூப்பிட்டுவிடாதீர்கள், வயது என்னவோ!