ஓப்பன் டியூனிங்: கிட்டார் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: அண்ணா, ரெண்டு வருஷமாக சாதாரண டியூனிங்கில்தான் வாசிக்கிறேன். ஓப்பன் டியூனிங்கை எங்கிருந்து தொடங்கலாம்?

ஓப்பன் ஜி-யில் தொடங்குங்கள் தம்பி. இடது கை எங்கும் படாமல் ஆறு கம்பியையும் மீட்டினால் ஒரு முழு மேஜர் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) கேட்கும். வழக்கமான ஈ ஏ டி ஜி பி ஈ-யில் நடுவிலுள்ள டி, ஜி, பி மூன்றையும் தொடவே வேண்டாம். மிகத் தடித்த ஆறாவது கம்பியை டி-க்கும், ஐந்தாவதை ஜி-க்கும், முதல் கம்பியை டி-க்கும் இறக்கினால் போதும். தடித்த கம்பியிலிருந்து சொன்னால் டி ஜி டி ஜி பி டி. ஐந்தாம் ஃப்ரெட்டில் (ஃப்ரெட் என்பது கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) ஒரு விரலைப் படுக்க வைத்தால் சி, ஏழாவதில் டி. ஒரு எளிய பாட்டுக்கு இந்த மூன்று கார்டே போதும்.

கேள்வி: கையில் டியூனர் இல்லையென்றால்?

இன்னும் நல்லது, காது பழகும். மாறாத கம்பிகளே உங்களுக்கு அளவுகோல். ஆறாவது கம்பியின் 12ஆம் ஃப்ரெட் ஹார்மோனிக் (அழுத்தாமல் மெல்லத் தொட்டு மீட்டினால் வரும் ஒலி), நாலாவது கம்பியின் திறந்த ஒலியோடு சேர வேண்டும். ஐந்தாவதன் ஹார்மோனிக் மூன்றாவதோடு, நாலாவதன் ஹார்மோனிக் முதல் கம்பியோடு. இரண்டு ஒலிக்கும் நடுவே அலை அலையாக ஓர் அதிர்வு கேட்கும். அது மெதுவாகி நின்றால் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். இறக்கும்போது வேண்டிய சுருதிக்குக் கொஞ்சம் கீழே போய், அங்கிருந்து மேலே ஏற்றி நிறுத்துங்கள். இல்லாவிட்டால் பிருடையில் இருக்கும் தளர்வு அடுத்த பாட்டிலேயே சுருதியைக் கலைத்துவிடும்.

கேள்வி: நான் வீணை கற்றவள். டி, ஜி என்ற எழுத்துகள் மனதில் நிற்கவில்லை. ஸ்வரமாகச் சொல்ல முடியுமா?

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன் அம்மா. என் மனதிலும் இவை ஸ்வரமாகத்தான் இருக்கின்றன. ஓப்பன் ஜி என்பது ப ஸ ப ஸ க ப, 5 கட்டை சுருதி. ஓப்பன் டி (டி ஏ டி எஃப் ஷார்ப் ஏ டி) என்பது ஸ ப ஸ க ப ஸ, 2 கட்டை. ஓப்பன் சி என்பது ஸ ப ஸ ப ஸ க, 1 கட்டை. எல்லாமே ஸ, க, ப மூன்றின் வேறுவேறு அடுக்குதான்.

உங்கள் வீணையின் நாலு வாசிப்புத் தந்திகளும் ஸ, ப, மந்திர ஸ, அனுமந்திர ப. அந்தப் பழக்கம் உள்ளவருக்கு ஓப்பன் டி-யின் தடித்த மூன்று கம்பிகள் புதிதாகவே இருக்காது. அவற்றைக் கட்டைவிரலால் சுருதிபோல மீட்டிக்கொண்டு மெல்லிய கம்பிகளில் மோகனம் வாசித்துப் பாருங்கள். ஸ, க, ப மூன்றும் திறந்த கம்பியிலேயே கிடைக்கும்; ரி, த இரண்டுக்கு மட்டும் விரல் வைத்தால் போதும். எத்தனை டியூனிங் தெரியும் என்பதைவிட, ஒரே டியூனிங்கில் ஸ எங்கே, க எங்கே என்று விரல் தானாகப் போய் நிற்பதுதான் முக்கியம். ஒன்றைப் பிடித்துக்கொண்டு இரண்டு மாதமாவது அதிலேயே இருங்கள்.

கேள்வி: ஓப்பன் ஈ வைக்கப்போய்க் கம்பி அறுந்துவிட்டது. என் தவறா?

எனக்கும் நடந்திருக்கிறது. ஓப்பன் ஈ-யில் ஐந்தாவது, நாலாவது கம்பிகள் ஒரு முழு ஸ்வரமும் (இரண்டு ஃப்ரெட் தூரம்) மூன்றாவது அரை ஸ்வரமும் (ஒரு ஃப்ரெட்) ஏறுகின்றன. ஒரு முழு ஸ்வரம் ஏற்றினாலே கம்பியின் இழுவிசை கால் பங்குக்கு மேல் கூடும். அக்கூஸ்டிக் கிட்டாரின் பிரிட்ஜுக்கும் அது நல்லதல்ல. ஓப்பன் டி வைத்து இரண்டாம் ஃப்ரெட்டில் கேப்போ (எல்லாக் கம்பியையும் சேர்த்து அமுக்கும் கிளிப்) போடுங்கள், அதே ஓப்பன் ஈ.

கேள்வி: எல்லாம் மேஜராகவே வருகிறதே, மைனர் எப்படி?

ஒரு விரலைப் படுக்க வைத்தால் மேஜர் மட்டுமே வரும், உண்மை. ஆனால் ஓப்பன் ஜி-யில் நாலாவது, முதல் கம்பிகளை இரண்டாம் ஃப்ரெட்டில் அழுத்தி மெல்லிய நாலு கம்பிகளை மட்டும் மீட்டுங்கள், ஈ மைனர். அதோடு மூன்றாவதை இரண்டாம் ஃப்ரெட்டிலும் இரண்டாவதை முதல் ஃப்ரெட்டிலும் சேர்த்தால் ஏ மைனர்.

கேள்வி: ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் கீத் ரிச்சர்ட்ஸ் ஏன் ஆறாவது கம்பியைக் கழற்றிவிட்டு வாசிக்கிறார்?

மேலே சொன்ன ஸ்வர வரிசையைப் பாருங்கள். ஓப்பன் ஜி-யில் அடியில் கிடப்பது ப. அதை எடுத்துவிட்டால் ஸ ப ஸ க ப. ஆதார ஸட்ஜமே அடித்தளமாகிவிடுகிறது. ஐந்து கம்பியையும் தயங்காமல் வீசி அடிக்கலாம். உங்கள் கிட்டாரில் கம்பியைக் கழற்ற வேண்டியதில்லை, கட்டைவிரல் நுனியால் அதைத் தொட்டு அமுக்கினாலே போதும்.

கேள்வி: இது ப்ளூஸ்காரர்கள் கண்டுபிடித்ததா?

இல்லை. 19ஆம் நூற்றாண்டு அமெரிக்க வீடுகளில் வாசித்த 'ஸ்பானிஷ் ஃபாண்டாங்கோ' ஓப்பன் ஜி-யில் அமைந்தது. அதனால்தான் ப்ளூஸ்காரர்கள் அந்த டியூனிங்கையே 'ஸ்பானிஷ்' என்றார்கள். ஹவாயில் இன்னொரு கிளை. 1830களில் மாடு மேய்க்க வரவழைத்த மெக்ஸிகோ மாட்டுக்காரர்கள் வழியாகக் கிட்டார் அங்கே பரவியது. ஹவாய் மக்கள் கம்பிகளைத் தளர்த்தித் தங்கள் பாட்டுக்கு ஏற்ப வைத்துக்கொண்டார்கள். அந்தப் பாணியின் பெயரே 'ஸ்லாக் கீ', அதாவது தளர்த்திய கம்பி.

கனடாப் பாடகி ஜோனி மிட்செலையும் இங்கே சொல்ல வேண்டும். ஒன்பது வயதில் வந்த போலியோ அவர் இடது கையைப் பலவீனமாக்கியது. கடினமான கார்டுகளைப் பிடிக்க முடியாத அவர் கம்பிகளை மாற்றி மாற்றிச் சேர்த்து, வேறு யாரிடமும் கேட்காத கார்டுகளைக் கண்டெடுத்தார். அவர் பயன்படுத்திய டியூனிங்குகள் ஐம்பதுக்கும் மேல்.

கேள்வி: ஸ்லைடு (கம்பிமேல் வழுக்கிச் செல்லும் குழாய்) வைத்து வாசித்தால் ஏதோ ஒரு கம்பி மட்டும் உறுத்துகிறது.

பெரும்பாலும் அது காந்தாரக் கம்பி. டியூனர் காட்டும் மேஜர் காந்தாரம், தம்புராவில் தானாக எழும் அந்தர காந்தாரத்தைவிட சுமார் 14 சென்ட் உயரம் (அரை ஸ்வரத்தில் நூறில் ஒரு பங்குதான் ஒரு சென்ட்). ஓப்பன் ஜி-யில் இரண்டாவது கம்பியை, ஓப்பன் டி-யில் மூன்றாவதை, துளி இறக்குங்கள். கார்டு அப்படியே உருகிச் சேரும். விரலால் கார்டு பிடிக்கும் பாட்டென்றால் வேண்டாம், அங்கே அதே கம்பி வேறு ஸ்வரமாகி அபஸ்வரம் தரும். அப்புறம், ஸ்லைடு ஃப்ரெட் கம்பிக்கு நேர் மேலே இருக்க வேண்டும், இரண்டு ஃப்ரெட்டுக்கு நடுவில் அல்ல.

கேள்வி: டி ஏ டி ஜி ஏ டி-யும் ஓப்பன் டியூனிங்தானா?

கண்டிப்பாகப் பார்த்தால் இல்லை. ஸ ப ஸ ம ப ஸ. காந்தாரமே கிடையாது, அதனால் மேஜரும் அல்ல, மைனரும் அல்ல. 1960களின் தொடக்கத்தில் ஆங்கிலக் கிட்டார் கலைஞர் டேவி கிரஹாம் மொராக்கோவில் கேட்ட ஊத் (அரபு நரம்பு வாத்தியம்) இசையோடு ஒத்துப்போக இதை அமைத்தார். சாதாரண காந்தாரம், அந்தர காந்தாரம் எதுவானாலும் நாமே வைத்துக்கொள்ளலாம் என்பதால் ராகம் வாசிப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

கேள்வி: ஓப்பன் சி வைத்தால் தடித்த கம்பி கரகரக்கிறது.

ஈ-யிலிருந்து சி வரை நாலு அரை ஸ்வரம் இறங்குகிறது, கம்பி தொய்ந்து ஃப்ரெட்டில் அடிக்கிறது. ஆறாவதற்கு மட்டும் 56 அளவு (0.056 அங்குலத் தடிமன்) கம்பி போட்டுப் பாருங்கள். கரகரப்பு அப்படியும் நிற்காவிட்டால் கழுத்தின் வளைவைச் சரிசெய்ய வேண்டியிருக்கும். இழுவிசை குறைந்தால் கழுத்து நிமிரும், ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் இடைவெளி குறையும். அந்த வேலையைத் தெரிந்த ஒருவரிடம் கொடுங்கள்.